உப்பளத்தில் ஏழு நாள்

நெய்தல் திணையை வகுப்பறையில் கற்பித்தல் எளிது. கடலும் கடல்சார்ந்த இடமும் நிலம், எற்பாடு சிறுபொழுது, இரங்கல் உரிப்பொருள், உப்பு விளைத்தலும் விற்றலும் தொழில் என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் மாணாக்கர் படியெடுத்துக்கொள்வர். தேர்விலும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாமும் இவ்வாறே கற்பித்து வந்தோம். உப்பு விளையும் மண்ணில் ஒரு நாளேனும் நாம் கால் வைத்ததில்லை.

1969-இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மாசித் திங்களில், மரக்காணத்தை அடுத்த சிற்றூரில் அம்முகாமை நடத்தும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது. மரக்காணம் தமிழ் பயில்வோர்க்கு அயலூர் அன்று. சிறுபாணாற்றுப்படையில் இடம்பெறும், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனுக்குரிய எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. பக்கிங்காம் கால்வாயும் கழிகளும் சூழ, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கின்றன உப்பளங்கள்.

உப்பு காய்ச்சப்படுவதாக எண்ணியிருந்த மாணவர் சிலர், அது விளைவது கண்டு வியந்தனர். உப்பளமும் ஒரு வயலே. மழைக்காலம் கழிந்ததும் சேற்றை அகற்றி, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுகச் செய்கின்றனர், வரப்புக் கட்டுகின்றனர், உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிடுகின்றனர். கடல்நீரின் அடர்த்தி பாமே அளவையில் 3 பாகைக்குச் சற்று மிகுதி. அது 25 பாகையை எட்டும்போதுதான் உப்புப் படிகிறது. அவ்வளவு நாளும் காத்திருத்தல் வேண்டும். இடையில் ஒரு மழை பெய்தால் உழைப்பு முழுவதும் நீராகிவிடும்.

இரண்டாம் நாள் காலை, நம் மாணவர் ஒருவர் ஈர வரப்பின்மீது விரைந்து நடக்க, வரப்பு உடைந்தது. பல நாள் வெயிலில் முற்றிய நீர் அடுத்த பாத்தியின் இளநீரோடு கலந்துவிட்டது. ஆங்கிருந்த அம்மையார் ஒரு கடுஞ்சொல்லும் கூறாது, சேற்றை அள்ளி உடைப்பை அடைத்தார். அம்மாணவர் அன்று உணவு கொள்ளவில்லை. கருணை மதிப்பெண்ணும் மறுதேர்வும் அறிந்த பிள்ளைக்கு, மண் அவற்றை வழங்குவதில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று. மறுநாள் முதல் அவர் வரப்பில் நடந்த நடையே வேறு. அறிவுரை நூறு கூறியும் நம்மால் ஊட்ட இயலாத பொறுப்புணர்வை ஒரு பிடி சேறு ஊட்டிவிட்டது.

இத்தகைய கல்வியைத் தமிழ்ப் பிள்ளைகள் கடல் கடந்தும் பெற்றதுண்டு. 1910-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே, நண்பர் கேலன்பாக் அளித்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். அங்கு இந்து, முஸ்லிம், கிறித்துவ, பார்சிப் பிள்ளைகள் காலையில் நிலத்தில் உழைத்தனர். நண்பகல் உணவுக்குப் பின்னர்ப் படித்தனர். தமிழும் உருதும் குசராத்தியும் அங்குக் கற்பிக்கப்பட்டன. ரமலான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளோடு பிறரும் நோன்பிருந்தனர். ஆசிரியர் செய்யாத வேலையை மாணவர்க்கு இடுவதில்லை என்பது அப்பண்ணையின் விதி. தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கைகளால் உழைத்து உண்டவர்கள் எனப் போற்றும் மரபில் வந்த நமக்கு அவ்விதி புதிதன்று. ஆதலின் நாமும் பாத்தியில் இறங்கினோம். இரண்டு நாளில் உள்ளங்காலில் கொப்புளம் கண்டது.

இவ்வளவில் இக்கட்டுரையை முடித்திருப்போம். ஐந்தாம் நாள் நிகழ்ந்தது நம்மை முடிக்கவிடவில்லை.

முகாமுக்கு முன்னர் மாணவர் ஒருவர் காய்ச்சல் என்று கூறி விலக்குக் கேட்டிருந்தார். சோம்பல் எனக் கருதி நாம் மறுத்திருந்தோம். பாத்தி மிதிப்பதில் பிறர் தடுமாற, அவர் கால் மட்டும் பிசகாது நடந்தது. ஐந்தாம் நாள், தலையில் உப்புக் கூடையுடன் வந்த ஒரு பெண்மணி அவரைக் கண்டு நின்றார். கூடையை இறக்கிவிட்டு நேரே நம்மிடம் வந்தார்.

“ஐயா, இந்த உப்பு எங்களோட போவட்டும்னுதான் புள்ளைய உங்ககிட்ட அனுப்பினோம். நீங்க அவனத் திரும்ப இங்கியே இறக்கிவுட்டுட்டீங்களே!”

நாம் மறுமொழி கூறவில்லை. கூறுதற்கு ஒன்றும் இல்லை. 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் பயின்று, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று நாடு அதனை எதிர்த்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அவ்வரலாற்றை வகுப்பில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். அதன் பொருளை அத்தாயின் ஒரு சொல்லில்தான் உணர்ந்தோம். ஏழாம் நாள் வீடு திரும்புவோர்க்கு உழைப்பு கல்வியாகலாம். திரும்ப இயலாதோர்க்கு அது வாழ்க்கை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டது நம் பிழை.

மறுநாள் அம்மாணவரைப் பாத்தியில் இறங்கச் சொல்லவில்லை. மாலை வகுப்பில், விருப்பமிருப்பின் உப்புத் தொழில் பற்றிப் பேசலாம் என்றோம். முதலில் தயங்கினார். மழைக்காலத்தில் வேலையின்றி அடுப்பெரிந்த விதத்தை ஒரு நண்பர் வினவியதும் பேசத் தொடங்கினார். வெயிலும் வெண்மையும் கண்ணைக் கூசச் செய்வதையும், வெடித்த பாதத்தில் உப்பு நீர் படுவதையும் ஒரு மணி நேரம் எடுத்துரைத்தார். வரப்பை உடைத்த மாணவர் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தார். நாமும் எடுத்தோம்.

இளைஞர் நிலத்தில் இறங்கி உழைத்தல் வேண்டும் என்பதில் நமக்கு இன்றும் ஐயமில்லை. சோறும் உப்பும் எவர் கையால் வருகின்றன என்று அறியாத கல்வி குறைக்கல்வியே. எனினும் மண்ணை அறியாத பிள்ளையை மண்ணுக்கு அழைத்துச் செல்வதும், மண்ணிலிருந்து வந்த பிள்ளையை நூலுக்கு அழைத்துச் செல்வதும் ஆசிரியரின் இரு கடமைகள். எவர்க்கு எது வேண்டும் என்பதை முகாமுக்கு முன்னரே கேட்டறிதல் மூன்றாம் கடமை. அதனைக் கற்க நமக்கு இருபது ஆண்டுகளும் ஏழு நாள்களும் ஆயின.