வானில் ஒன்றேகால் மணி, வாசலுக்கு ஏழு மணி

எங்கள் சத்தியமங்கலத்தில் ரயிலும் கிடையாது, விமானமும் கிடையாது. சென்னையில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். நாளுக்கு முன்பே ஒரு விடியற்காலை வலி கண்டுவிட்டது.

"கோயமுத்தூர்ல இருந்து விமானத்துல ஒண்ணேகால் மணி நேரந்தானுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. நானும் மகளிடம், "இதோ வந்தர்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து மணிக்குக் கார் ஏறினோம். புளியம்பட்டி, அன்னூர் வழியாகப் பீளமேடு விமான நிலையம் சேர ஏழு மணி. பெட்டி போடுவது, சோதனை, காத்திருப்பு என்று இன்னும் இரண்டு மணி நேரம். பறந்தது ஒன்றேகால் மணிதான். இறங்கும்போது பக்கத்துக் கைக்குழந்தை காது அடைத்து வீறிட்டது. தாய் பால் கொடுத்ததும் அடங்கிவிட்டது. விழுங்க விழுங்க அடைப்பு விலகும். இளந்தாய்மார்கள் நினைவில் வையுங்கள்.

மீனம்பாக்கத்திலிருந்து நெரிசலில் ஊர்ந்து ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. பேத்தி பிறந்து ஒரு மணி நேரமாகியிருந்தது.

"இதோ வர்றேன்னியேம்மா!" என்றாள் மகள். கண் கலங்கிவிட்டது.

சகோதரிகளே, காத்திருப்பவரிடம் பறக்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வாசலிலிருந்து வாசல்வரை கூட்டிச் சொல்லுங்கள். பிரசவம் என்றால் பத்து நாள் முன்னதாகவே, ஈரோட்டில் ராத்திரி ரயிலைப் பிடித்துப் போய்விடுங்கள்.