காஸ்போர்ட் குளத்துச் சிறு பாய்மரங்கள்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் வாய் மிகக் குறுகியது. கிழக்குக் கரையில் போர்ட்ஸ்மத் நகரம். மேற்குக் கரையில் காஸ்போர்ட் என்னும் ஊர். இடையே ஓடும் படகில் ஏறி அமர்ந்து மேலங்கியைச் சரிசெய்வதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. போர்ட்ஸ்மத்திற்குச் செல்லும் நம்மவர்கள் நெல்சனின் ‘விக்டரி’யையும், 1860-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பெற்ற ‘வாரியர்’ என்னும் இரும்புக் கப்பலையும் கண்டு களித்துத் திரும்பிவிடுவர். அக்கரைக்குச் செல்வோர் சிலரே. ஆனால் முழங்கால் உயரமும் இடுப்பு உயரமுமான சிறு கப்பல்களைக் காண விரும்புவோருக்கு உரிய ஊர் காஸ்போர்ட்தான்.

படகுத்துறையிலிருந்து கடைத்தெரு வழியே நேராக நடந்தால் வால்போல் பூங்காவை அடையலாம். அங்கே, கடலின் ஏற்றவற்றம் காணும் கழியை ஒட்டிப் பரந்ததொரு குளம் இருக்கிறது. ‘காக்கிள் பாண்ட்’, அதாவது மட்டிக் குளம், என்பது அதன் பெயர். பெயரே சொல்வதுபோல அது நன்னீர்க் குளமன்று, உப்புநீர்க் குளம். சிறு பாய்மரக் கப்பல்களை ஓட்டும் கலையில் இக்குளத்திற்கு நெடுநாளைய பெயருண்டு.

இவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் என்று எண்ணிவிடலாகாது. இப்போது பெரிதும் வழங்குகின்ற ‘ஒரு மீட்டர்’ வகைக் கலத்தின் உடல் ஒரு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. எடை நான்கு கிலோவுக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் மார்பிள்ஹெட் என்னும் துறைமுக ஊரின் பெயரைத் தாங்கிய மற்றொரு வகை 50 அங்குல நீளம் உடையது. கரையில் நிற்பவர் வானொலி அலையால் இரண்டே காரியங்களைச் செய்கிறார்: சுக்கானைத் திருப்புகிறார், பாயின் கயிற்றை இறுக்கியோ தளர்த்தியோ விடுகிறார். மற்றதெல்லாம் காற்றின் செயல். வானொலிக் கருவி வருவதற்கு முன்னர் ஓட்டுபவர் கையில் ஒரு கோலுடன் குளக்கரை நெடுக ஓடுவார். கலம் கரையை நெருங்கியதும் கோலால் தள்ளித் திசை மாற்றிவிடுவார். எழுபது வயதுப் பெரியவர்கள் தொப்பி பறக்க ஓடிய அந்தக் காலத்து வேடிக்கையை நாம் காணக் கொடுத்துவைக்கவில்லை.

சென்ற கோடையில் என் தமக்கை மகள் குடும்பத்தோடு சில வாரங்கள் போர்ட்ஸ்மத்தில் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிறன்று புனித யோவான் பேராலயத்தில் திருப்பலி கண்டபின், அவளும் அவளுடைய பன்னிரண்டு வயது மகனும் நானுமாகப் படகேறினோம். பேரனின் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் அவனுடைய தாத்தாவின் கப்பல்.

தாத்தா என்றது என் மைத்துனரை. தூத்துக்குடியில் தோணி கட்டும் தச்சர்களிடையே வளர்ந்தவர். பூவரசங் கட்டையைக் குடைந்து, ஒரு முழத்துக்குச் சற்று மிகுந்த நீளத்தில், தோணியின் சாயலிலேயே அதைச் செய்து பேரனுக்கு அனுப்பியிருந்தார். அவர் காலஞ்சென்று இரண்டாண்டுகள் ஆகின்றன. அவருக்குப் பின் மருமகப்பிள்ளை அதில் வானொலிக் கருவியும், சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரும் பொருத்திக் கொடுத்தார். முந்திய மாதம் பையன் அதை ஒரு நாள் முழுதும் இக்குளத்தில் ஓட்டிவிட்டு, வீடு வந்ததும் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறான். அதன்பின் சுக்கான் அசையவில்லை. “அப்பா கையால் செய்த பொருள் இது ஒன்றுதான் இருக்கிறது, மாமா. கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம் என்கிறேன், இவன் கேட்கமாட்டேன் என்கிறான்” என்று படகிலேயே மருமகள் முறையிட்டாள். பையன் கடலைப் பார்த்தவாறு இருந்தான்.

குளக்கரையில் நாலைந்து கலங்களோடு அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் அவன் தன் கப்பலை நீட்டினான். அவர் முதலில் பாயையோ கருவியையோ பார்க்கவில்லை. மேல்தட்டின் மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டுத் தடவி, அந்த விரலை நாவில் வைத்தார். “உப்பு” என்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மின்கம்பியின் முனையில் பச்சை பூத்திருந்தது. சுக்கானின் பித்தளைக் கீலை இறுக்கியிருந்த இரும்புத் திருகாணி பாதியாகத் தேய்ந்து பழுப்பு நிறத் தூளாக உதிர்ந்தது. பித்தளையோ பளபளப்புக் குன்றாமல் இருந்தது.

இங்கே சற்று நின்று காரணத்தைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனால் அது நன்னீரைவிடப் பன்மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் பிறந்துவிடும். இரண்டில் எளிதில் கரையும் உலோகம் தன்னை அழித்துக்கொண்டு மற்றதைக் காக்கும். இரும்பும் பித்தளையும் சேர்ந்தால் அழிவது இரும்பு. அதே இரும்பு துத்தநாகத்தோடு சேர்ந்தால் அழிவது துத்தநாகம், இரும்பு பிழைக்கும். பெரிய கப்பல்களின் அடிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, அவை கரையக் கரைய மாற்றி வருவது இதனால்தான். கலம் நீரைவிட்டு வெளியே வந்தபின்னும் இவ்வேலை நிற்பதில்லை. உலர்ந்ததுபோல் தோன்றும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னை நனைத்துக்கொள்ளும். துடைத்து வைத்த கப்பல் அலமாரிக்குள் அரிபடுவது இவ்வாறுதான்.

இவ்வுண்மையைக் கப்பல்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தவர் ஹம்ப்ரி டேவி என்னும் வேதியியல் அறிஞர். மரக்கப்பல்களின் அடியில் வேய்ந்த செம்புத் தகடுகள் கடலில் கரைந்து வந்தன. செம்போடு சிறிது துத்தநாகமோ இரும்போ சேர்த்தால் செம்பு கரையாது என்று 1824-இல் அவர் காட்டினார். அவர் முறையைச் சோதித்த கப்பல்களுள் ஒன்று ‘சமராங்’. அது நம் கொச்சியில் கட்டப்பெற்றது. செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் செம்பு கரைந்து நீரில் கலந்துகொண்டிருந்த வரையில்தான் பாசியும் கொட்டலசும் அண்டாமலிருந்தன போலும்! கரைவது நின்றதும் அவை தாராளமாகக் குடியேறிக் கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. அறிஞர்களுக்கும் கடல் பாடம் கற்பிக்காமல் விடுவதில்லை.

முதியவர் கப்பலின் உடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஓர் இரும்பாணிகூட இல்லை. மைத்துனர் எல்லா இணைப்புகளையும் மரமுளைகளால் இறுக்கி எண்ணெய் ஊட்டியிருந்தார். “இதைச் செய்தவர் கடலை அறிந்தவர். கெட்டுப்போனவையெல்லாம் பிறகு சேர்ந்தவை” என்றார். அதை மருமகளுக்கு மொழிபெயர்க்க வேண்டிய தேவையில்லை. ஆயினும் பையன் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொன்னான்.

அவர் கூறிய வழிமுறைகளில் அரிய மருந்து எதுவும் இல்லை. ஓட்டி முடித்தவுடன், வீடு செல்லும்வரை காத்திராமல், குளக்கரையிலேயே நன்னீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வீட்டில் வெதுவெதுப்பான நீரில் மறுபடியும் கழுவ வேண்டும். கழுவிய நீரை நாவில் இட்டு, கரிப்பு அற்றுப்போகும்வரை நீரை மாற்ற வேண்டும். பாயையும் கயிற்றையும் மறக்கலாகாது. அவற்றில் தங்கும் உப்பே ஈரத்தை இழுப்பது. பின்னர் மூடியைத் திறந்தபடியே உலரவிட வேண்டும். ஈரத்தோடு மூடி வைப்பதைவிடக் கழுவாமல் திறந்து வைப்பதே மேல் என்றுகூட அவர் சொன்னார். அது அவருடைய கருத்து. மின்முனைகளில் வாஸ்லின் தடவலாம். வானொலி வாங்கியை ஒரு பலூனுக்குள் இட்டு வாயைக் கட்டிவிடுவது பழைய தந்திரம். எந்திரக் கலமானால் சுழலித் தண்டு செல்லும் குழாயைக் கிரீஸால் நிரப்பிவிட வேண்டும். நீர் புக இடமிராது. திருகாணிகளைப் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ போடலாம். ஆனால் அந்த எஃகும் காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீரோடு அகப்பட்டால் குழிவிழுந்து கெடும் என்பதைப் பலர் அறியார். நம் கடற்கரைப் பங்குகளில், கரை சேர்ந்ததும் படகின் வெளிப்பொருத்து எந்திரத்துக்கு நன்னீர் ஓட்டிக் கழுவும் மீனவ இளைஞர்களுக்கு இவையெல்லாம் பழக்கமான சங்கதிகளே.

அன்று பிற்பகல் கழியின்மேலுள்ள பாலத்தைக் கடந்து ஹாஸ்லர் பகுதிக்குச் சென்றோம். ஹாஸ்லருக்கும் சிறு கப்பல்களுக்கும் பழைய உறவுண்டு. வில்லியம் ஃபுரூடு என்னும் பொறியியலாளர், கப்பல் கட்டுமுன் அதன் மெழுகு உருவத்தை நீண்ட தொட்டியில் இழுத்துப் பார்த்து நீரின் தடையை அளக்கும் முறையை டார்க்கி நகரில் நிறுவினார். அவர் மறைவுக்குப் பின் மகன் அப்பணியை 1880-களில் ஹாஸ்லருக்குக் கொண்டுவந்தார். இந்த ஃபுரூடு, 2019-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற கர்தினால் நியூமனின் நெடுநாள் நண்பர் என்பதை நம் வாசகர்கள் அறிந்து மகிழலாம். மெழுகுக் கப்பலுக்குத் துருக் கவலை கிடையாது!

நாங்கள் சென்றது அங்குள்ள நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்திற்கு. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான ‘ஹாலந்து 1’ அங்கே இருக்கிறது. 1901-இல் நீரில் இறக்கப்பெற்றது. இருபது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். எட்டுப் பேர் செல்வர். நச்சுக் காற்றை முன்னறிவிக்க வெள்ளெலிகளையும் உடன் கொண்டுசென்றார்களாம். 1913-இல் உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்பட்டபோது மூழ்கியது. 1981-இல் கண்டுபிடித்து 1982-இல் மேலே எடுத்தனர். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் அதன் உருவம் சிதையவில்லை. அரிப்பைத் தடுக்கும் பூச்சுகளைப் பூசிக் காட்சிக்கு வைத்தனர். பத்தாண்டு கழிவதற்குள், கடலில் நேராத கேடு கரையில் நேர்ந்துவிட்டது. துருவின் அடியில், இரும்பின் நுண்துளைகளில், உப்பு தங்கியிருந்தது. மேற்பூச்சு அதை வெளியேற்றவில்லை; உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

பிறகு என்ன செய்தார்கள்? கப்பலைச் சுற்றி ஒரு பெருந்தொட்டி கட்டி, 1995-இல் அதைச் சோடியம் கார்பனேட் கரைசலால் நிரப்பினர். வேறொன்றுமில்லை, நம் வீட்டுச் சலவைச் சோடாதான். அக்கரைசலில் இரும்பு துருப்பதில்லை. உள்ளேயிருக்கும் உப்பு மட்டும் மெல்ல மெல்ல வெளியே இறங்கும். அது இறங்கி முடிய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. அதன்பின்னரே 2001-இல் தனிக்கூடம் அமைத்து அதை மீண்டும் மக்களுக்குக் காட்டினர்.

விளக்கப் பலகையை மருமகள் இருமுறை படித்தாள். “அப்படியானால் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் உள்ளேயே அரித்துக்கொண்டிருக்குமா, மாமா?”

“கழுவாமல் வைத்தால் அரிக்கும், அம்மா.”

“கழுவிவிட்டால்?”

“கழுவிவிட்டால் பெட்டியில் வைத்தாலும் ஒன்றுதான்; குளத்தில் விட்டாலும் ஒன்றுதான்.”

அவள் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு சமையலறைத் தொட்டியில் அக்கப்பலுக்கு நான்கு முறை வெந்நீர்க் குளியல் நடந்தது. நீரை நாவில் இட்டுப் பார்க்கும் பொறுப்பைப் பையன் எனக்குத் தந்தான். நான்காம் முறைதான் கரிப்பு நின்றது. திருகாணிக்குப் பதில் பித்தளை ஆணி இட்டோம். பச்சை பூத்த முனையை வெட்டிப் புதிய கம்பியைப் பற்றவைத்தார் மருமகப்பிள்ளை. மோட்டாரைக் காப்பாற்ற இயலவில்லை. புதிது வாங்க நேர்ந்தது.

மறு ஞாயிறு மட்டிக் குளத்தில் தென்மேற்குக் காற்று நன்றாக வீசியது. ஒல்லியான வெண்ணிறக் கலங்களின் நடுவே எங்கள் பூவரசந் தோணி சற்றுப் பருமனாக, அவசரமின்றிச் சென்றது. நாலைந்து பேர் அது எந்த நாட்டுப் படகு என்று கேட்டனர். ஒரு மணி நேரம் கழித்துப் பையன் அதைக் கரையேற்றியபோது, மருமகள் கைப்பையைத் திறந்து இரண்டு லிட்டர் நன்னீர்ப் புட்டியை எடுத்தாள்.