நாமம் போட்ட பூ

சிவகாசி,
ஆடி 20

அன்புள்ள முருகேசா,

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் போடுவார்கள், பார்த்துவிட்டு வா என்று நீதானே விரட்டினாய்? வந்தேன். முருகன், லட்சுமி, காமராஜர் என்று தள்ளிக்கொண்டே போனவன் ஒரு தாளில் நின்றுவிட்டேன். நீ மாடியில் வளர்க்கிறாயே, செருப்பு ஆர்க்கிட், அதே!

அச்சகத்து அண்ணாச்சி லென்ஸை நீட்டினார். வைத்துப் பார்த்தால் பூவே இல்லை. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று வெறும் புள்ளிகள். "நாலே கலருதான். சாமியும் அதுலதான், பூவும் அதுலதான்" என்றார். என்ன பூ என்று கேட்டேன். "பாரின் பூ."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைக் காட்டினேன். அந்த மலைத்தொடர் தெற்கே ஓடி அகத்தியமலையாக எழும் இடத்தில் நம்முடையது ஒன்று உண்டு: பாபியோபெடிலம் ட்ரூரியை. தீபகற்ப இந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட். 1865-இல் கர்னல் ட்ரூரி கண்ணில் பட்டது. 1874-இல் தாவரவியலாளர் பெடோம் அதற்கு ட்ரூரியின் பெயரையே வைத்தார். பட்டது போதாதா, சேகரிப்பவர்கள் வேரோடு அள்ளினார்கள். புல்வெளிச் சரிவில் வளர்கிற செடி, காட்டுத்தீ வேறு. அழிந்தே போனது என்று கைவிட்டிருந்தபோது, 1970-களில் மறுபடி கிடைத்தது. பாலோடு என்ற ஊரின் தாவரவியல் தோட்டத்தார் ஆய்வகத்தில் கன்று வளர்த்து மலையில் திரும்ப நட்டிருக்கிறார்கள்.

மஞ்சள் பூ. மேலிதழின் நடுவே செங்குத்தாக ஒரு கரும்பழுப்புக் கோடு, அச்சு அசல் நாமம். பொருத்தம்தான், இந்த வகைப் பூக்களின் பிழைப்பே ஈக்கு நாமம் போடுவது. தேன் ஒரு சொட்டுக் கிடையாது. நம்பி வந்து உட்கார்ந்த ஈ வழுக்கிப் பைக்குள் விழும். வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கச் சந்து ஒன்றுதான் வழி. அதில் நெருக்கியடித்து வெளியேறும்போது முதுகில் மகரந்தம் அப்பிவிடும். அடுத்த பூவிலும் அதே ஏமாற்று, அதே சந்து, சூல்முடியில் உரசல். சோலி முடிந்தது.

அண்ணாச்சிக்கு ஈயைப் பற்றி அக்கறையில்லை. "நாமம் போட்ட பூவா? போட்டோ இருந்தா குடுங்க, அடுத்த ஆடிக்குப் பெருமாள் பக்கத்துலயே போட்டுருவோம்" என்கிறார்.

பாரின் பூத் தாள் ஒன்றை உனக்காகச் சுருட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கசங்காமல் வந்தால் உன் அதிர்ஷ்டம்.

உன்,
கணேசன்