சின்ன மாத்திரையும் பெரிய மாத்திரையும்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாதென்று நாடு கைவிரித்தது. பன்விலவுக்கு மேலே, நக்கிள்ஸ் மலைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியதும் எங்களுக்கு மா விலையாகத்தான் தெரிந்தது. இலங்கைக்கு வேண்டிய மருந்தில் 80 வீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது என்பதை, அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒரு மருந்தை வட்டமிட்டு வெளியில் வாங்கச் சொன்ன நாளில்தான் யோசித்தேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் பெயர் வெட்டிய பிறகும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெரிய மாத்திரை, சின்ன மாத்திரை. காலையில் இத்தனை, இரவில் இத்தனை. எது எதற்கென்று கேட்டதில்லை. கேட்பதென்றால் சிங்களத்தில் கேட்க வேண்டும். கொப்பியில் இருப்பதோ ஆங்கிலம். தோட்டத்து டிஸ்பென்சரி காலத்திலிருந்து, கொடுப்பதை வாங்கி விழுங்கிப் பழகிய சனம் நாங்கள்.

வட்டமிட்ட அந்தப் பெரிய மாத்திரை கிடைக்கவில்லை. சின்னது கிடைத்தது. அதையாவது ஒழுங்காகப் போடுவோமென்று ஒரு வேளையும் தவறாமல் போட்டாள். சாப்பாடுதான் குறைந்தது. கோதுமை மா கிலோ 300 ரூபாயைத் தாண்டியபோது காலை ரொட்டி பாதியாகி, சில நாள் வெறும் சாயத்தண்ணியோடு மலைக்கு ஏறினாள். 2021இல் வர்த்தமானியில் போட்ட 1000 ரூபாய் நாட்சம்பளம் மட்டும் அசையாமல் நின்றது.

ஜூனில் ஒரு முற்பகல் மலையில் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, பக்கத்தில் நின்றவர்களிடம் என்னவோ உளறியிருக்கிறாள். பசி மயக்கம் என்றார்கள். ஒருத்தி கண்ணூறு என்றாள். யாரோ போத்தலில் கொண்டுவந்திருந்த இனிப்புத் தேத்தண்ணியைக் குடித்த பிறகுதான் தெளிந்தாள்.

அந்தக் கிழமை எங்கள் லயத்துக்கு ஒரு மிஸ்ஸி வந்திருந்தாள். எங்கள் தோட்டத்துப் பிள்ளை, வெளி மாவட்டத்தில் தாதி. எண்ணெய் இல்லாமல் பஸ் ஓடாததால் திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டவள். கிளினிக் கொப்பியையும் சின்ன மாத்திரையையும் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“பெரியம்மா, இந்தச் சின்ன மாத்திர கணையத்தப் புடிச்சுப் பிழியும். வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு பாக்காது. பெரிய மாத்திர அப்புடி இல்ல. ஈரல் சீனிய அவுத்து விடுறதக் கொறைக்கும். தனியா அது ஆள விழுத்துறது கொறவு.”

“அப்ப திங்காத நேரத்துல?”

“அந்த வேளைக்குச் சின்னது வேணாம். சாப்பிடுற வேளைக்குப் போடுங்க, ஒரேயடியா நிப்பாட்டிறாதீங்க. கை நடுங்குனா மூணு தேக்கரண்டி சீனி, கால் மணித்தியாலம் உக்காந்து பாருங்க. சரியாகலன்னா இன்னொருக்கா.”

இதைச் சொல்ல அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் கிளினிக் வரிசையில் நின்றும் இதை ஒருவரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

அன்றிலிருந்து அம்மா முந்தானையில் சீனி முடிந்துகொண்டு போனாள். சீனி வருத்தக்காரி சீனியோடு திரிகிறாளே என்று சிரித்தார்கள். ஜூலை 9ஆம் திகதி, ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் சனம் குதிப்பதை நாங்கள் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் சீனிப் போத்தலில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரத்தத்தில் சீனி பார்க்கும் பட்டி வாங்க வசதியில்லை. மிஸ்ஸி இன்னொரு கணக்கும் சொல்லியிருந்தாள்: இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இரவில் லயத்துக்குப் பின்னாலுள்ள கக்கூசுக்கு அடிக்கடி எழும்பினால், மறுநாள் மரவள்ளிக்கிழங்கைக் குறைத்துக் கீரையைக் கூட்டினாள். குத்துமதிப்புத்தான். 150க்கும் 110க்கும் வித்தியாசம் அதில் தெரியாது. பின்னேரம் அட்டைக்கடி பார்க்கக் குனியும்போதே உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தாள். மரத்த கால் புண்ணைச் சொல்லாது என்று அறிந்துகொண்டிருந்தாள்.

பெரிய மாத்திரையின் பெயர் மெட்ஃபோமின், சின்னது கிளிக்லசைட் என்று ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கம்பனிப் பெயரைச் சொன்னால் இல்லையென்ற கண்டிக் கடைகளில், மருந்தின் சொந்தப் பெயரைக் கேட்டபோது வேறு பெட்டியில் அதே மருந்து கிடைத்தது. மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று 1971இலேயே வைத்தியர் எஸ். ஏ. விக்ரமசிங்கவோடு சேர்ந்து அறிக்கை கொடுத்த சேனக பிபிலே, கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், பேராதனை மருத்துவ பீடத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் வேலை செய்த இடத்துக்கும் எங்கள் மலைக்கும் தூரம் அதிகமில்லை.

எல்லாம் இப்படிச் சமாளிக்கக் கூடியதல்ல. கடைசி வீட்டு மாமா இன்சுலின் போடுபவர். மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, திறந்த போத்தல் குளிர்ந்த இடத்தில் நாலு கிழமை வரை தாங்கும் என்பதை அறிந்து மண்பானைக்குள் பத்திரப்படுத்தினார். பன்விலக் குளிரும் உதவியது. ஆனால் போத்தல் முடிந்தபோது அறிவு மட்டும் மிஞ்சியது. லயத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பெற்றோல் சேர்த்து ஓட்டோவில் கண்டிக்குக் கொண்டுபோனோம்; பிழைத்தார். இன்சுலின் போடுபவரிடம் கீரை சாப்பிட்டுச் சமாளியுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மறு வருடம் கிளினிக்கில் இரண்டு மாத்திரையும் திரும்பக் கிடைத்தன. கூடவே புதிதாக ஒன்றும் எழுதினார்கள். அம்மா உடனே எழும்பிப் போகவில்லை. “மேக்க கன்ட கலின்த, காலாத?” என்று, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதைத் தன் உடைந்த சிங்களத்தில் டொக்டரிடம் கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னார். இது பிழிகிற மாத்திரையா என்று அடுத்து கேட்கச் சொல்லி என் பக்கம் திரும்பினாள். பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. எனக்குப் பிழிவதற்குச் சிங்களம் வரவில்லை; கையை முறுக்கிக் காட்டினேன்.