காசில்லை என்று சொன்ன துபாஷி

என் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்கு 'போன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர்' என்று சொல்லி முடித்துவிடுவேன். டவர் சரியில்லையே, நெட் வரவில்லையே என்று அவர்கள் தொடங்கும்போது தலையாட்டிக்கொண்டிருப்பேன். உண்மையில் டவருக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. பதினைந்து வருடத்துக்கு மேல் நான் செய்தது மொழிபெயர்ப்பு. இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே.

பழைய செல்போன் சுவிட்சுகள் பேசுவது ஒரு மொழி. 'கேமல்' என்று அதற்குப் பெயர். ஒட்டகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகள். ப்ரீபெய்டு ஆள் ஒருவர் எண்ணை அழுத்தியதும் சுவிட்ச் அழைப்பை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, 'இன்னார் இன்னாரைக் கூப்பிடுகிறார், என்ன செய்யட்டும்?' என்று கேமலில் ஒரு கேள்வி அனுப்பும். அதன் பெயர் இனிஷியல் டிபி. 'தொடர்', 'வேறு எண்ணுக்கு இணை', 'விடு' என்று ஏதேனும் ஒரு பதில் வந்தாக வேண்டும். 2002-இல் எஸ்ஐபி என்ற நெறிமுறை இன்றைய வடிவத்துக்கு வந்தபிறகு, புதிதாக எழுதப்பட்ட அப்ளிகேஷன் சர்வர்கள் அந்த மொழியில் பேசத் தொடங்கின. அவற்றுக்குக் கேமல் தெரியாது. சுவிட்சுக்கு எஸ்ஐபி தெரியாது. சுவிட்சுகளைத் தூக்கிப் போடப் பணமில்லை, புதிய சர்வர் இல்லாமல் புதிய திட்டங்களை விற்க முடியாது. ஆகவே நடுவில் ஒரு பெட்டி. இன்டர்வொர்க்கிங் மாட்யூல்.

புதுச்சேரியில் டூப்ளெக்ஸுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்ளலாம். கவர்னருக்குத் தமிழ் வேண்டியதில்லை, வணிகருக்கு பிரெஞ்சு வேண்டியதில்லை, இருவருக்கும் பிள்ளை வேண்டும். துபாஷியின் அதிகாரம் அவர் என்ன சொல்கிறார் என்பதில் இல்லை, எதை எப்படிச் சொல்லாமல் விடுகிறார் என்பதில் இருக்கிறது. இது எனக்கு 2014-இல் புவனேஸ்வரில் புரிந்தது.

அந்த மாட்யூலை அமைப்பது வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பான வேலை. ஒரு திரை, அதில் கட்டங்கள். அப்ளிகேஷன் சர்வரின் முகவரி, அது இறந்தால் அடுத்த சர்வரின் முகவரி, உயிரோடு இருக்கிறதா என்று எத்தனை வினாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது. காத்திருப்புதான் முதல் கண்ணி. எஸ்ஐபியின் வழக்கப்படி ஓர் அழைப்பு அனுப்பிப் பதில் வராவிட்டால் அரை வினாடி கழித்து மறுபடி அனுப்பும், பிறகு ஒரு வினாடி, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் 32 வினாடியில்தான் கைவிடும். சுவிட்சுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கே நாங்கள் பார்த்த சுவிட்சுகள் 10 வினாடியில் முடிவை எடுத்துவிடும். அதனால் மாட்யூலின் கடிகாரம் சுவிட்சின் கடிகாரத்துக்கு முன்பே அடிக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் எனக்கு முன் வந்த குழு அதை 5 வினாடி என்று வைத்திருந்தது. நல்ல எண். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில்.

இரண்டாவது, மொழிபெயர்ப்புப் பட்டியல். எஸ்ஐபியில் மறுப்பு என்பது மூன்று இலக்க எண். 486 என்றால் எதிராளி பேசிக்கொண்டிருக்கிறார், 404 என்றால் அப்படி ஓர் எண்ணே இல்லை, 503 என்றால் சேவை தற்போது கிடைக்காது, 402 என்றால் பணம் கட்டவில்லை. சுவிட்ச் உலகில் வேறு எண்கள்: 17 பிஸி, 1 ஒதுக்கப்படாத எண், 41 தற்காலிகக் கோளாறு, 21 அழைப்பு மறுக்கப்பட்டது. 486-க்கு 17, 503-க்கு 41 என்று பொருத்தம் பார்த்துப் போடலாம், அதற்குத் தரநிலை ஆவணமே உண்டு. ஆனால் 402-க்கு நேரான எண் இல்லை. 'உன்னிடம் காசில்லை' என்ற வாக்கியம் மறுகரை போய்ச் சேரும்போது 'உன்னை மறுத்துவிட்டார்கள்' என்று ஆகிவிடுகிறது. அந்த நிறுவனத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சுவிட்சுக்கு 21 வந்தால் 'உங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லை' என்ற அறிவிப்பை ஒலிக்கச் செய்வது. சரிதான், பாதகமில்லை. ஆனால் பட்டியலின் கடைசி வரியில், 'மேலே சொல்லப்படாத மற்றவை அனைத்தும்' என்ற இடத்திலும் யாரோ 21 என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

நாங்கள் அந்த அமைப்பைப் பொறுப்பேற்கச் சென்ற இரண்டாவது வாரம், இரவு ஒன்பது மணி வாக்கில் அப்ளிகேஷன் சர்வர் தொங்கியது. முழுதாக விழுந்திருந்தால் மாட்யூல் கண்டுபிடித்து அடுத்த சர்வருக்குப் போயிருக்கும். இது விழவில்லை. 'இருக்கிறாயா?' என்று தட்டினால் 'இருக்கிறேன்' என்று உடனே பதில் சொன்னது. அழைப்பை அனுப்பினால் மௌனம். கணக்குகள் இருந்த தரவுத்தளத்துக்கும் அதற்கும் இடையிலான இணைப்புகள் அத்தனையும் சிக்கிக்கொண்டிருந்தன. ஆபீசில் சில பேர் இப்படித்தான். ஆஜர் பட்டியலில் கையெழுத்து இருக்கும்.

ஒவ்வோர் அழைப்பும் 5 வினாடி காத்திருந்தது, பட்டியலின் கடைசி வரிக்கு வந்தது, 21 ஆனது. அந்த வட்டாரம் முழுக்க, கணக்கில் பணம் வைத்திருந்தவர்களிடமெல்லாம் இருப்பு இல்லை என்று ஒடியாவில் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு அது தெரியாது. திரையில் எங்களுக்குத் தெரிந்தது வெற்றி விகிதம் சரிவது மட்டும்தான். தெரியவைத்தவர் கட்டடத்தின் காவலாளி. கஞ்சம் மாவட்டத்துக்காரர். அந்த மாவட்டத்து ஆண்கள் பெரும்பாடு சூரத்தின் விசைத்தறிகளுக்குப் போகிறவர்கள். இவர் தம்பியும் அங்கேதான். தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார், இருப்பு இல்லை என்றது. எதிரே பெட்டிக்கடையில் இருபது ரூபாய்க்கு ரீசார்ஜ் போட்டார். ரீசார்ஜ் வேறு வழியாகப் போகும் விஷயம், அது ஒழுங்காக வேலை செய்து, பணம் ஏறிவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. மறுபடி கூப்பிட்டார். இருப்பு இல்லை. இன்னொரு இருபது. புகை பிடிக்க வெளியே வந்த எங்களிடம் போனை நீட்டி, 'சார், நீங்கள் போன் ஆட்கள்தானே, இதைப் பாருங்கள்' என்று இந்தியில் கேட்டார். குறுஞ்செய்தியில் பணம் இருக்கிறது, குரல் இல்லை என்கிறது.

என்னுடன் இருந்தவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். பாளையங்கோட்டைக்காரர். தொலைபேசித் துறையில் ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் எண்ணெய் போட்டுத் தொடங்கி, வேலையை விட்டுத் தனியாருக்கு வந்தவர். அவர் போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். அவருக்கு ஒடியா தெரியாது, ஆனால் எந்த அறிவிப்பு என்று தெரியும்.

'என்னவே இது, கோளாறு நமக்கு, காசில்லைன்னு அவன்ட்ட சொல்லுது' என்றார். சிகரெட்டைப் பாதியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாற்பது நிமிடத்தில் சர்வரைத் தட்டி எழுப்பினார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் ரீசார்ஜ் எண்ணிக்கை ஏறியிருந்ததை மறுநாள் வரைபடத்தில் பார்த்தோம். சின்ன மேடு. யாரும் அதைக் கோளாறு அறிக்கையில் சேர்க்கவில்லை. வருமானம் ஏறினால் அது கோளாறா என்ன?

பட்டியலைத் திருத்துவதில் சண்டை வரவில்லை. 402 மட்டும் 21, மற்றவை 41, 41-க்கு 'சேவையில் தற்காலிகத் தடை' என்ற அறிவிப்பு. சண்டை வந்தது மூன்றாவது கட்டத்தில். சர்வர் பதில் சொல்லாவிட்டால் மாட்யூல் தானாக என்ன செய்ய வேண்டும்? தொடர் அல்லது விடு. கேமலிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு, ஐஎம்எஸ்ஸிலும் உண்டு, டயாமீட்டர் கட்டண நெறிமுறையிலும் உண்டு. தரநிலை எழுதியவர்கள் எல்லா இடத்திலும் கேள்வியை எழுதி வைத்தார்கள். டயாமீட்டரில், சர்வர் எதுவும் சொல்லியிருக்காவிட்டால் துண்டித்துவிடு என்று ஒரு சார்பையும் சேர்த்தார்கள்.

வருவாய்ப் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி நியாயமாகத்தான் பேசினார். ப்ரீபெய்டு என்றால் முன்பணம். பணம் இருக்கிறதா என்று தெரியாமல் பேசவிட்டால் அது ப்ரீபெய்டே இல்லை. வெளி நாட்டு எண்களுக்கும் கட்டணச் சேவை எண்களுக்கும் கூட்டமாக அழைத்துக் கறப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேரம் கதவு திறந்திருந்தால் போதும். அவசரத்துக்குத்தான் அவசர எண்கள் இருக்கின்றனவே, அவற்றை இந்தச் சோதனைக்கே அனுப்புவதில்லையே என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வாதம்தான் உறுத்தியது. ராத்திரி நெஞ்சு வலி வந்தால் எங்கள் தெருவில் யாரும் முதலில் அவசர எண்ணை அழுத்துவதில்லை. ஆட்டோ வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள், மகனைக் கூப்பிடுவார்கள். நம் நாட்டில் இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவை ப்ரீபெய்டு. அந்த ஆட்டோக்காரர் எண் எந்த அவசரப் பட்டியலிலும் இல்லை. இதைச் சொன்னேன். 'உணர்ச்சிபூர்வமான வாதம்' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி வேறு மாதிரி போனார். ட்ரங்க் கால் காலத்தில் மூன்று நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் இடையில் வந்து நீட்டிக்கவா என்று கேட்பார். மீட்டரோ டிக்கெட்டோ குழம்பினால் அந்தப் பெண் காலை வெட்ட மாட்டார், பேசவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பார், மறுநாள் கணக்கு நேர் செய்யப்படும். 'அதையே இது செய்யட்டும்' என்றார். 'முழுசா தொறக்கவும் வேண்டாம், முழுசா அடைக்கவும் வேண்டாம். உள்ளூர், வெளியூர் காலுக்கு மூணு நிமிஷம் கொடு. எழுதி வை. சர்வர் எழுந்ததும் கழிச்சிக்கோ. ஐ.எஸ்.டி.க்குக் கிடையாது.' மாட்யூலால் இது முடியும். தானே சுவிட்சுக்கு நேர வரம்பு கொடுத்து, பேசிய வினாடிகளைக் கோப்பில் எழுதி வைக்கலாம். நஷ்டம் என்று வந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம். அதிகாரி கால்குலேட்டரை எடுத்தார். அது நல்ல அறிகுறி.

ஒப்புதல் வர மூன்று வாரம் ஆனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கையெழுத்துகள்.

ஆய்வகச் சோதனையில் அழைப்பு 18 வினாடியில் அறுந்தது. மென்பொருள் தந்த நிறுவனத்துப் பையன் சர்வர் பதிவுகளில் ஒரு காலைப்பொழுதைத் தொலைத்தான். அண்ணாச்சி கட்டத்தைப் பார்த்தார், 180 என்றிருந்தது. எஸ்ஐபி உலகம் நேரத்தை வினாடியில் எண்ணும். கேமல் வினாடியில் பத்தில் ஒரு பங்கில் எண்ணும். மூன்று நிமிடம் என்றால் 1800. துபாஷி மொழியைச் சரியாகப் பெயர்த்து அளவையைப் பெயர்க்க மறந்துவிட்டார். முடிவதற்கு 30 வினாடி முன்பு வர வேண்டிய எச்சரிக்கை ஒலி வராததை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். மொத்தமே 18 வினாடி என்றால் அது எங்கே வரும்?

பராமரிப்பு நேரம் அதிகாலை 2 மணி. நேரடி வலையமைப்பில் சர்வரின் தொடர்பை வேண்டுமென்றே துண்டித்துவிட்டுச் சோதிக்க வேண்டும். சோதனை அழைப்புக்கு எண் கொடுங்கள் என்றார்கள். அண்ணாச்சி தன் உள்ளூர் ப்ரீபெய்டு சிம்மிலிருந்து பாளையங்கோட்டை வீட்டுக்கே அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

'என்னங்க, இந்நேரத்துல? யாருக்கு என்ன?'

'ஒண்ணுமில்ல. டெஸ்டிங்.'

'ராத்திரி ரெண்டு மணிக்கா? நெஞ்சு திக்குனு ஆயிட்டு.'

'கொஞ்சம் பேசிட்டே இரு. மூணு நிமிஷம்.'

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினார். மோட்டார் பழுதானது, பேத்திக்குக் காய்ச்சல் விட்டது, தென்னைக்காரன் வராதது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 150-இல் 'டொய்ங்' என்றது. அண்ணாச்சி கட்டைவிரலை உயர்த்தினார். 180-இல் தென்னைக்காரன் பாதியில் நின்றான்.

கோப்பில் ஒரு வரி விழுந்திருந்தது. எண், நேரம், 1800. அதை நான் படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சியின் போன் அடித்தது.

'கட் ஆயிட்டு. எல்லாம் நல்லாத்தான இருக்கு? பொய் சொல்லாதீங்க.'