இருக்கறதுலயே நல்ல ஆயில்

இன்னிக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. என் பழைய காரோட கியர் ஆயில் பத்தி ஒரு பதிவு. கொஞ்சம் நீளம்தான். பழைய சின்ன கார் வச்சிருக்கறவங்க முழுசாப் படிங்க, காசு மிச்சமாகும்.

1/
2006-ல் அப்பா வாங்கின 800 சிசி கார். அவர் போனதுக்கு அப்புறம் நான் ஓட்டறேன். போன டிசம்பர்ல ஒரு ராத்திரி, மணி 1:40. ஆஸ்பத்திரியில இருந்து போன். "பிரசவம் முடிஞ்சு ரத்தப்போக்கு நிக்கல. இங்க ஆள் பத்தல, உடனே வாங்க." வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் 3 கிலோமீட்டர்.

2/
ஓசூர் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். வண்டி வாசல்லயே நிக்கும். முதல் கியர் கஷ்டப்பட்டு விழுந்தது. இரண்டாவது 'கர்ர்ர்'னு கத்துச்சு, உள்ள போகல. வேகத்தடையில வண்டி நின்னுச்சு. மறுபடி முதல் கியரும் விழல. பூ மூட்டையோட டூவீலர்ல வந்த ஒரு அண்ணன்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். அந்தம்மா பிழைச்சுட்டாங்க. ஆனா ரோட்டுல நின்ன அந்த நிமிஷங்களை இன்னும் என்னால மறக்க முடியல. இந்த மாதிரி ரத்தப்போக்குல ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

3/
மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். "கியர் பாக்ஸை இறக்கணும் சார், 22,000 ஆகும்"னாங்க. மனசு கேக்காம எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்ல. முதல்ல ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசியா என்ன ஆயில் ஊத்தினீங்க டாக்டர் சார்?"

பாத்தீங்களா? ஹிஸ்டரி கேக்கறார்! நாங்க முதல் வருஷத்துல இருந்து படிக்கிற பாடம்.

4/
நாலு மாசம் முன்னாடி வேற ஒரு இடத்துல ஆயில் மாத்தினேன். நான் சொன்னது இதுதான்: "விலையைப் பாக்காதீங்க, இருக்கறதுலயே நல்லதா ஊத்துங்க." அவங்களும், "பழைய வண்டி சார், கெட்டியா ஊத்தினா சத்தம் வராது"ன்னு ஊத்தினாங்க. பில்லை எடுத்துப் பாத்தா 85டபிள்யூ-140, ஜிஎல்-5. லாரி மாதிரி கனரக வண்டிகளோட பின்பக்க ஆக்சிலுக்கு ஊத்தற ரகம். காரோட புத்தகத்துல போட்டிருந்தது 75டபிள்யூ-90, ஜிஎல்-4.

5/
இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? டபிள்யூ-வுக்கு முன்னாடி இருக்கற எண், குளிர்ல ஆயில் எப்படி ஓடும்னு சொல்லும். சின்ன எண்ணா இருந்தா குளிர்லயும் இளகி ஓடும். பின்னாடி இருக்கற எண், சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லும். என் வண்டியில ஊத்தினது ரெண்டுலயுமே கெட்டி. குளிர் ராத்திரியில பாகு மாதிரி நின்னிருக்கு.

6/
அடுத்தது ஜிஎல்-4, ஜிஎல்-5. இங்கதான் எல்லாரும் ஏமாறுவோம். 4-ஐ விட 5 பெரிசு, அதனால நல்லதுன்னு நினைப்போம். அப்படி இல்ல. ரெண்டும் வேற வேற வேலைக்கு. ஜிஎல்-5-ல பல்சக்கரம் தேயாம இருக்க கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானம் அதிகம். பின்பக்க ஆக்சில்ல பல் மேல பல் வழுக்கி உரசும், அங்க அது வேணும்.

7/
ஆனா நம்ம சின்ன கார் கியர் பாக்ஸ்ல சிங்க்ரோனைசர்னு பித்தளை வளையங்கள் இருக்கும். கியர் மாத்தும்போது அந்த வளையம் எஃகு மேல உரசித்தான் ரெண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும். அதுக்குக் கொஞ்சம் பிடிப்பு வேணும். ஜிஎல்-5 அந்தப் பிடிப்பைக் கெடுத்துடலாம். அப்புறம் 'கர்ர்ர்'தான். சில சேர்மானங்கள் சூட்டுல பித்தளையை அரிக்கவும் செய்யும். எல்லா ஜிஎல்-5-ம் அரிக்கும்னு சொல்லல. ஆனா ஜிஎல்-4 கேட்கிற வண்டிக்கு அதையே ஊத்திட்டா இந்தக் கவலையே இல்ல.

8/
அண்ணன் மாத்தினதைக் கூடவே நின்னு பாத்தேன். நீங்களும் கவனிங்க:
– 10 நிமிஷம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கணும். சமதளத்துல ஸ்டாண்ட் வச்சுத்தான் அடியில போகணும், வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது.
– முதல்ல ஊத்தற துளை மூடியைக் கழட்டிப் பாக்கணும். வடிச்சதுக்கு அப்புறம் அது கழலலைன்னா வண்டி அங்கயே நிக்கும்.
– வடியற மூடியில இருக்கற காந்தத்துல சாம்பல் நிற பசை இருந்தா சாதாரணம். இரும்புத் துண்டு இருந்தா ஆபத்து.
– வாஷர் புதுசு போடணும். பக்கத்துத் துளை வழியா ஆயில் வழிய ஆரம்பிக்கும்போது நிறுத்தணும்.
– பழைய ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க. வாங்கிக்கற ஒர்க்‌ஷாப்ல குடுங்க.

9/
என் வண்டியில வடிஞ்ச ஆயில்ல தங்கத் தூள் மாதிரி மினுமினுப்பு. "பித்தளை சார்"னார் அண்ணன். செலவு கூலியோட 1,600 ரூபாய். இப்போ கியர் விழுது. ஆனா காலையில இரண்டாவது கியர் இன்னும் லேசா முனகும். தேஞ்ச பித்தளை திரும்ப வராது.

10/
ஒண்ணு முக்கியம். இது மேனுவல் கியர் கார்களுக்கு மட்டும். ஆட்டோமேட்டிக், சிவிடி வண்டிகளுக்கு ஆயிலே வேற. மேனுவல்லயும் சில வண்டிக்கு கம்பெனி வேற ரகம் சொல்லியிருக்கும். என் அளவை அப்படியே எடுத்துக்காம உங்க வண்டி புத்தகத்தைப் பாருங்க. ரத்தம் ஏத்தும்போது குரூப் பாக்கற மாதிரிதான்.

11/
ஓபி-யில தினமும் கேக்கறேன்: "டாக்டர், காசு போனாலும் பரவால்ல, பவரா ஒரு ஊசி போடுங்க." பவரான மருந்து வேற, சரியான மருந்து வேறன்னு தினமும் விளக்குவேன், சில நாள் சலிச்சுக்குவேன். ஒர்க்‌ஷாப்ல நான் சொன்னதும் அதே வசனம்தான். இப்போ யாராவது அப்படிக் கேட்டா கோபம் வரல. உட்கார வச்சு, "இதுக்கு முன்னாடி என்ன மருந்து எடுத்தீங்க?"ன்னு கேக்கறேன்.

கார் கதவுப் பெட்டியில இருக்கற அந்தப் புத்தகத்தை இன்னிக்கே ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.