ஒரு சிறு நூலின் நெடும் பயணம்

முற்போக்கான அரசியற் சிந்தனைக்கும் செயலுக்கும் துணைசெய்யும் நூல்களைப் பற்றி இம்மலருக்கு எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இயலுமாயின் நூற்பட்டியலொன்றும் தருமாறு வேண்டினர். பட்டியல் தருதல் எளிது. பெறுபவர் அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்து மறந்துவிடுதல் அதனினும் எளிது. ஆதலாற் பட்டியலை விடுத்து, நான்கே கட்டுரைகள் கொண்ட ஒரு சிறு நூல் யார் யார் கைக்குச் சென்றது, அவர்களை என்ன செய்யத் தூண்டியது என்பதை மாத்திரம் கூற முன்வந்தோம்.

1906ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுத் தேர்தலில் தொழிற் கட்சியார் இருபத்தொன்பதின்மர் பாராளுமன்றம் புகுந்தனர். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்து, பள்ளியை இளமையிலேயே நீங்கியவர்கள் அவர்களுட் பலர். ஸ்டெட் என்னும் பத்திரிகாசிரியர், தொழிலாளர் சார்பில் வந்த அவ்வுறுப்பினர்களிடம், "உம்மை உருவாக்கிய நூல்கள் எவை?" என்று கேட்டு, வந்த மறுமொழிகளைத் தமது சஞ்சிகையில் வெளியிட்டார். கார்ல் மார்க்ஸின் பெயரைக் குறித்தவர் மிகச் சிலரே. விவிலிய நூலும், டிக்கன்ஸின் கதைகளும், கார்லைலும் அடுத்தடுத்து வந்தன. முதலிடம் பெற்றவர் ஜோன் ரஸ்கின். அவருடைய நூல்களுள்ளும், தமிழிற் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என வழங்கும் சிறு நூலே அவர்கள் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது.

ரஸ்கின் செல்வ வணிகர் ஒருவரின் புதல்வர். சித்திரக் கலையின் திறனாய்வாளராய்ப் புகழ் ஈட்டியவர். 1860இல் அவர் 'கோர்ன்ஹில்' என்னும் சஞ்சிகையிற் பொருளாதாரம் பற்றி எழுதத் தொடங்கினார். மனிதனைப் பேராசையின் பொதியாகவே கணக்கிட்டுக் கூலியையும் விலையையும் வகுப்பது விஞ்ஞானமாகாது என்பது அவர் வாதம். வாசகர் கொதித்தெழவே, நாலாங் கட்டுரையோடு தொடர் நிறுத்தப்பட்டது. 1862இல் அது நூலாக வந்தபோதும் நெடுங்காலம் விலைபோகவில்லை. திராட்சைத் தோட்டத்திற் கடைசி நாழிகையில் வந்த கூலியாளுக்கும் முதலில் வந்தவனுக்குக் கொடுத்த அதே காசைக் கொடுத்த எசமானின் கதை விவிலியத்தில் உண்டு. நூலின் பெயர் அக்கதையிலிருந்து எடுக்கப்பட்டது.

இன்னொன்றையுஞ் சொல்லல் வேண்டும். ரஸ்கின் குடியாட்சியில் நம்பிக்கையுடையவரல்லர். தம்மைப் பழைமைக் கட்சியினர் என்றே பிற்காலத்திற் கூறிக்கொண்டவர். முற்போக்கு நூலை முற்போக்காளரே இயற்றல் வேண்டும் என்னும் விதி யாண்டும் இல்லைப் போலும்!

அந்நூல் 1904இல் தென்னாபிரிக்காவில், ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து டேர்பனுக்குப் புறப்பட்ட ஒரு புகைவண்டியில் ஏறியது. காந்தியடிகளை வழியனுப்ப வந்த போலக் என்னும் நண்பர் அதனை அவர் கையிற் கொடுத்தார். இருபத்துநான்கு மணி நேரப் பயணம். அடிகள் நூலைக் கீழே வைக்கவில்லை, அன்றிரவு உறங்கவுமில்லை. தாம் அதனிற் கண்ட மூன்று செய்திகளை அவர் 'சத்திய சோதனை'யில் எழுதியுள்ளார். எல்லாருடைய நன்மையிலேயே தனியொருவனின் நன்மை அடங்கியுள்ளது என்பது ஒன்று. தன் உழைப்பாற் பிழைக்கும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாதலின், வழக்கறிஞரின் தொழிலுக்குள்ள மதிப்பே நாவிதரின் தொழிலுக்கும் உண்டு என்பது இரண்டாவது. உடலுழைப்பு வாழ்க்கையே வாழத்தகுந்த வாழ்க்கை என்பது மூன்றாவது. முதலாவது தமக்குத் தெரிந்தது. இரண்டாவது மங்கலாகப் புலப்பட்டிருந்தது. மூன்றாவது தம் எண்ணத்தில் எழுந்ததேயில்லை என்கின்றார். எழுதுபவர் ஒரு வழக்கறிஞர் என்பதை மறத்தலாகாது.

அவ்வாண்டிலேயே டேர்பனுக்குப் பதினான்கு மைல் தொலைவிலிருந்த பீனிக்ஸ் என்னுமிடத்தில் நூறு ஏக்கர் நிலம் ஆயிரம் பவுணுக்கு வாங்கப்பட்டது. 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சகம் அங்கு பெயர்ந்தது. நிறமும் நாடும் பாராது ஆளுக்கு மாதம் மூன்று பவுண் என வகுக்கப்பட்டது. அங்கே முதல் இதழ் அச்சேறிய இரவைப் பற்றிய அதிகாரத்தை யாம் எத்தனை முறை படித்திருப்போமோ, கணக்கில்லை. எண்ணெய் இயந்திரம் அன்றிரவு ஓட மறுத்துவிட்டது. கையாற் சுற்றும் சக்கரம் இருந்தது. அதனைச் சுற்ற நால்வர் வேண்டும். அச்சகத்தாரோ ஏற்கெனவே களைத்திருந்தனர். கட்டட வேலைக்கு வந்த தச்சர் தரையிற் படுத்து உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களை எழுப்பி உதவி கேட்டனர்; அவர்களும் எழுந்து வந்தனர். தச்சரும், வெஸ்ட் என்னும் ஆங்கிலேயரும், அடிகளும் முறைவைத்து விடியும்வரை சக்கரம் சுற்றினர். காலை ஏழு மணியளவில் மீண்டும் முயன்றபோது இயந்திரம் தானாக ஓடிற்று. பத்திரிகை உரிய நேரத்தில் வெளிவந்தது. ரஸ்கினின் நாலு கட்டுரைகளுக்கும் இவ்வொரிரவைவிடச் சிறந்த உரை வேறில்லை என்பது எம் கருத்து.

அடிகள் 1908இல் நூலின் சாரத்தைக் குஜராத்தியில் எழுதி, 'சர்வோதயம்' எனப் பெயரிட்டார். பம்பாய் அரசாங்கம் 1910இல் அதனைத் தடைசெய்தது. 1919 ஏப்பிரல் 6ஆந் திகதி, றௌலட் சட்டத்தை எதிர்த்த நாளன்று, அடிகளும் சரோஜினி தேவியாரும் பம்பாய் வீதிகளில் மோட்டார் வண்டியிற் சென்று தடைநூல்களை வெளிப்படையாக விற்றனர். படிகள் யாவும் விலையாயின. நாலணா நூலுக்கு ஐம்பது ரூபா கொடுத்தவரும் உண்டு. சிறை செல்லலாம் எனக் காத்திருந்தோர்க்கு ஏமாற்றமே கிடைத்தது. விற்றது புதுப் பதிப்பாம், தடை பழைய பதிப்புக்கு மட்டுமாம், ஆகவே குற்றமில்லையாம்! அரசாங்கங்கள் இவ்வகைத் தருக்கத்தில் வல்லன.

எந்நூலும் இவ்வாறே வேலை செய்யும் என எண்ணற்க. தோரோ 1849இல் வெளியிட்ட சட்டமறுப்புக் கட்டுரையே சத்தியாக்கிரகத்தின் மூலம் என்பார் பலர். அடிகளோ, எதிர்ப்பு வேரூன்றிய பின்னரே அது தம் கைக்கு வந்தது என மறுத்தார். சில நூல்கள் வழிகாட்டும். சில, நடந்துகொண்டிருப்பவனுக்குத் துணையாக வரும்.

இனி எம் ஊருக்கு வருவோம். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸான இயக்கத்தின் அழைப்பில், 1927இற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். ஹன்டி பேரின்பநாயகம் முதலாகப் பலர் ஆசிரியர்கள். அடிகளின் எழுத்தை மாணாக்கர் கையிற் கொடுத்தவர்கள். முழுச் சுயராச்சியம் தராத டொனமூர் அரசியலமைப்பை மறுத்து 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தனர். வடக்கின் நான்கு தொகுதிகள் 1934வரை வெறுமையாய்க் கிடந்தன. தெற்கு உடன்வரவில்லை. அதனைத் துணிவென்பாரும் அவசரமென்பாரும் இன்றும் உளர். படித்த நூலின் ஊர் வேறு, தாம் நின்ற ஊர் வேறு என்பதை அவர்கள் போதிய அளவு எண்ணிலர் என்றே யாம் கருதுகின்றோம்.

ஆயினும் எம் மனம் தேர்தலைவிட வாங்கிலையே பெரிதாக நினைக்கின்றது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்த பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்றும், ஒரே பந்தியில் உணவு வேண்டும் என்றும் அவ்விளைஞர் நின்றனர். 1930ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனம் நடைமுறைக்கு வரத் தொடங்கியபோது எதிர்த்தவர் பாமரர் மாத்திரமல்லர். ஆங்கில நூல்களைக் கரைத்துக் குடித்த கனவான்களும் எதிர்த்தனர். வழக்கறிஞரும் நாவிதரும் ஒன்றெனும் வாக்கியத்தை ஏட்டிற் படித்துத் தலையசைத்தவர், தம் பிள்ளையின் வாங்கில் என்றதும் முகஞ் சுளித்தனர். அவ்வாக்கியத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த கனதி இலண்டனிலும் டேர்பனிலும் இருந்திராது. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், கோயிற் கதவுகளின் முன் 1960களின் இறுதியிற் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அதில் முன்னின்ற கே. டானியல் 1972இற் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். ஈண்டுச் செயல் முந்தியது, நூல் பிந்தியது.

டொமினிக் ஜீவா அவர்களை நினையாது இப்பொருளை விட்டுச்செல்ல எமக்கு மனமில்லை. சாதியின் பெயரால் இழிவு செய்யப்பட்டு இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர்; யாழ்ப்பாண நகரில் முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்தவர். அதனை ஒருநாளும் மறைத்தாரல்லர். எழுத்தாளர் கூடும் இடமாக அந்நிலையம் விளங்கியது. 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இற் 'மல்லிகை'யைத் தொடங்கி நானூறு இதழ்களளவும் நடத்தினார். வீதியிற் கால்நடையாகத் தாமே கொண்டுசென்று விற்றார். 2021இல் மறைந்தார். வழக்கறிஞர் ஒருவர் புகைவண்டியில் இருந்து நாவிதரின் தொழிலைப் பற்றி எண்ணியது ஒரு காட்சி. அத்தொழிலுடையவரே பேனா எடுத்து வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் எழுதும் சஞ்சிகைக்கு ஆசிரியராய் இருந்தது மற்றொரு காட்சி. இரண்டாவதே எமக்கு உவப்பு.

சென்ற ஆண்டு பதினோராந் தர மாணாக்கருக்குச் 'சத்திய சோதனை'யின் அவ்வதிகாரத்தை வாய்விட்டுப் படித்தோம். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "ரெண்டு தொழிலும் ஒண்டெண்டா, ஏன் சேர் காசு மட்டும் வித்தியாசம்?" என்றான். வகுப்புச் சிரித்தது. பீனிக்ஸில் ஆளுக்கு மூன்று பவுண் வகுத்ததைக் கூறினோம். "அது நிலைச்சதா சேர்?" என்றான். எல்லாரும் இசையவில்லை என்பதையும், அடிகளே அங்கு தொடர்ந்து தங்க இயலாமற் போனதையும் ஒளியாது கூறினோம். "அப்ப ஏன் படிக்கிறம்?" என்று கேட்பான் என எதிர்பார்த்தோம். அவன் அதனைக் கேட்கவில்லை. புத்தகத்தைத் தருவீர்களா என்றே கேட்டான்.

மூன்று வாரத்தின் பின் திருப்பித் தந்தபோது, பீனிக்ஸின் முதல் இரவு அதிகாரத்தில் தாளின் முனை மடிக்கப்பட்டிருந்தது. தாளை மடித்ததற்குக் கடிந்துகொண்டோம். நூல் இப்போது வேறொருவன் கையில் உள்ளது. தவணை கடந்து பத்து நாளாயிற்று, நூலகர் இருமுறை நினைவூட்டிவிட்டார்.